வாடிவீட்டின் ஜேர்மன் பெயர்

1

இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாகோப்பு கேட்டார், எழுதினேன். அவர் கேட்டதும் கதை அல்ல. நடந்ததை எழுதித் தரும்படிதான் கேட்டார். நடந்தது வேண்டும் என்று என்னிடம் வருவது மீன் வாங்கத் தையல்கடைக்குப் போவது மாதிரி. ஆனால் ஜேர்மனியின் இந்த ஊன்ட்றொப்பில் தமிழ் எழுதத் தெரிந்த, வேலைவெட்டி இல்லாத ஆள் நான் ஒருவன்தான். பொய் சொல்வதில் எனக்கு அறுபது வருட அனுபவம் உண்டு. (அதில் இருபது வருடம் கூட்டிச் சொன்னது.)

விசயம் இதுதான். கால்வாய்க்குப் பக்கத்தில், அம்மன் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில், ஒன்பது அறைகளோடு ஒரு பழைய விடுதி இருக்கிறது. வாசலில் 'பென்சியோன் லூட்கெ' என்று பலகை. சொந்தக்காரி ஃபிராவ் (திருமதி) லூட்கெவுக்கு எண்பத்தெட்டு வயது. யாகோப்பு அங்கே சமையல், கட்டில் விரிப்பு, கூரை ஒழுக்கு, நத்தாருக்குக் கிறிஸ்மஸ் மரம் நடுதல் என்று எல்லாமாகவும் நாற்பது வருடம் இருந்துவிட்டார். மனைவி அன்ரனிற்றா பின்னால் வந்து சேர்ந்தவர். அவர் வந்த பிறகுதான் வீடு உண்மையில் சுத்தமாயிற்று என்று அவரே சொல்வார்.

இப்போது ஃபிராவ் லூட்கெவால் மாடிப்படி ஏற முடியவில்லை. அவருடைய அறையோ மூன்றாம் மாடியில். வீட்டை யாரிடமாவது ஒப்படைத்தே ஆக வேண்டும். ஒரு பக்கம் ஒரு கம்பனி நிற்கிறது: வாசலில் ஆள் வேண்டாம், இலக்கத்தை அமத்தினால் கதவு திறக்கும் என்கிற வகை. மறுபக்கம் யாகோப்பு. கம்பனிக்குப் போனால் யாகோப்பு அறுபத்தேழு வயதில் வேலையும் வீடும் இல்லாமல் தெருவுக்கு வருவார். அவர்கள் இருப்பதும் அங்கே கீழ்வீட்டில்தான்.

ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்கிறேன் என்ற ஃபிராவ் லூட்கெ, அதற்கு முன் ஒன்று கேட்டார்.

"ஹெர் யாக்கோப், உங்கள் அப்பாவின் விடுதிக் கதையை நாற்பது வருடமாகச் சூப்புக்கும் பில்லுக்கும் இடையில் துண்டு துண்டாகக் கேட்டிருக்கிறேன். ஒருமுறை முழுதாக, ஒழுங்கான ஜேர்மனில் கேட்க வேண்டும்."

யாகோப்புக்கு ஜேர்மன் நன்றாகப் பேச வரும். எழுதச் சொன்னால் வியர்க்கும். ஆகவே தமிழில் நான், பிறகு ஜேர்மனில் வேறு யாராவது, என்று முடிவாயிற்று. வாசகரே, இந்தக் கதையில் என்ன போகப்போகிறது, என்ன கிடைக்கப்போகிறது என்று தேடிக் களைக்க வேண்டாம். ஒரு வீடு. அவ்வளவுதான்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"பிரித்தானியர் ஆண்ட காலத்தில், மன்னார் வீதியில், காட்டோரமாக ஒரு வாடிவீடு* இருந்தது. வெள்ளைக்காரத் துரைமார் முதலில் குதிரையிலும் பின்னர் மோட்டார்க் காரிலும் வந்து தங்கிப் போகிற அரசாங்க விடுதி. அதன் பொறுப்பாளர் சந்தியாப்பிள்ளை. அவர் வளர்த்த கோழிகளுக்கு மோட்டார்ச் சத்தத்தைப் பிரித்தறியும் ஆற்றல்"

[இங்கே யாகோப்பு நிறுத்தினார்.]

"என்ன அண்ணை இது?"

"கோழி. துரை வந்து இறங்கினாப் பிறகுதானே வாடிவீட்டில கோழி பிடிக்கிறது?"

"ஓம்."

"அப்ப எந்தச் சத்தம் கேட்டா ஓடவேணுமெண்டு கோழிக்குத் தெரியாதோ? ஏஜென்ர் துரையின்ர கார் வாறது கேட்டா எல்லாம் பனையில ஏறிவிடும். பிசப்பின்ர மாட்டுவண்டி வந்தா அசையாது."

"ஏன்?"

"பிசப் வெள்ளிக்கிழமையிலதான் வாறவர். வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லையெல்லே."

யாகோப்பு தாளை வாங்கிப் பார்த்தார். அவர் கத்தோலிக்கர். அந்த இடத்தில் பிழை பிடிக்க அவரால் முடியவில்லை.

"கோழி பனையில ஏறாது, அண்ணை."

"அப்ப எதில ஏறும்?"

"முருங்கையில ஏறும்."

முருங்கை என்று திருத்தினேன். உண்மைக்காக நான் செய்த முதல் விட்டுக்கொடுப்பு அது.

உள்ளே தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்த அன்ரனிற்றா வெளியே வராமலே சொன்னார்: "அண்ணைக்கு ஒரு கோழி கிடைச்சாக் காணும். அதைப் பட்டாளமாக்கிப் போடுவார்."

(* வாடிவீடு: வெள்ளைக்காரன் 'றெஸ்ற் ஹவுஸ்' என்றதற்கு இலங்கைத் தமிழர் வைத்த பெயர். மீன்வாடி, மரவாடி என்கிறோமே, அந்த வாடி, கொட்டகை. வாடுவதற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. எந்தத் தமிழருக்கும் இதை விளக்கத் தேவையில்லை என்று நினைத்து, யாகோப்புக்கு எழுதிக் கொடுத்த தாளில் இந்தக் குறிப்பை நான் போடவில்லை. உங்களுக்கு மட்டும் போடுகிறேன்.)

3

யாகோப்பு எப்படி அந்த வீட்டுக்குள் வந்தார் என்பதை எழுத அவர் விடவில்லை. "அது என்ர கதை. அப்பான்ர கதைக்குள்ள அதுக்கு என்ன வேலை?" என்றார். ஆகவே அதை இங்கே, அவர் பார்க்காத இடத்தில், எழுதுகிறேன்.

எண்பத்தைந்தாம் ஆண்டு, ஐப்பசி. மழை. அகதி முகாமிலிருந்து வெளியே வந்து, பிழையான பஸ்ஸில் ஏறி, பிழையான இடத்தில் இறங்கிய இருபத்தேழு வயது யாகோப்பு எதிரே ஒரு பலகையைக் காண்கிறார். ஆங்கில எழுத்துத்தானே, வாசிக்கலாம். PENSION.

இந்த இடத்தில் ஒரு விளக்கம் தேவை. சந்தியாப்பிள்ளை தன் வாழ்நாளை அந்த வாடிவீட்டில் கழித்தவர். கடைசியில் அவருக்குப் பென்சன் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பொறுப்பாளர் அரசாங்க ஊழியர் இல்லையாம், குத்தகைக்காரராம். எங்கள் ஆட்களிடம் எதை வேண்டுமானாலும் பறிக்கலாம், பென்சனைப் பறிக்கக்கூடாது. மாப்பிள்ளைக்கு முன்பல் இல்லாவிட்டாலும் பென்சன் உத்தியோகம் என்றால் பெண் கொடுத்த சனம் நாங்கள். அந்தக் குடும்பத்தில் இரண்டு தலைமுறையாகச் சாப்பாட்டு வேளையில் பேசிய ஒரே விசயம் இதுதான். இதோ, ஒரு வெள்ளைக்காரத் தேசத்தில், வீதியோரத்தில், அதற்கென்றே ஒரு கந்தோர், பலகை போட்ட அலுவலகம். வெள்ளைக்காரன் என்றால் எல்லாரும் ஒரே வெள்ளைக்காரன் என்று யாகோப்பு அப்போது நினைத்திருந்தார்.

கால் துடைத்து உள்ளே போனார். மேசைக்குப் பின்னால் ஒரு நடுவயதுப் பெண். யாகோப்பு தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தைத் திரட்டி, ஒவ்வொரு சொல்லாக வைத்தார்: என் தகப்பன். சிலோன். றெஸ்ற் ஹவுஸ். பென்சன்.

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் ஜேர்மனில் பென்சியோன் என்றால் விடுதி. ஃபிராவ் லூட்கெ நான்கு சொல்லையும் சேர்த்துப் பார்த்து, தன் தொழில்காரன் ஒருவனின் மகன் உலகத்தின் மறுகரையிலிருந்து நனைந்துகொண்டு வந்திருக்கிறான் என்று விளங்கிக்கொண்டார். இருத்தினார். பட்டாணிச் சூப் கொண்டுவந்து வைத்தார்.

பென்சன் கந்தோரில் சூப்பும் தருகிறார்கள், நல்ல நாடு என்று நினைத்தபடி யாகோப்பு குடித்தார்.

மறுநாள், விண்ணப்பம் எப்போது தருவார்கள் என்று கேட்கப் போனார். அவருக்கு ஒரு ஏப்ரன் தரப்பட்டது. அகதிக்கு வேலை செய்ய அனுமதி இல்லாத காலம். அதற்கான Antrag (விண்ணப்பம்) எழுதி, அலுவலகப் படிகளில் ஃபிராவ் லூட்கெதான் ஏறி இறங்கினார். ஓரிடத்தில் ஏலாது என்றால் அடுத்த இடம். மொழி தெரியாத யாகோப்பு, தன் தகப்பனின் பென்சனுக்காக ஒரு வெள்ளைக்காரி இப்படி அலைகிறாளே என்று உருகிப்போய்ப் பாத்திரம் கழுவினார்.

உண்மை எப்போது தெரிந்தது என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒரு ஆறு மாதம் சென்றிருக்கும், அண்ணை. பென்சன் எடுக்க வாற சனமெல்லாம் காசு குடுத்திட்டுப் போகுது. அப்பதான் ஒரு சந்தேகம் வந்தது."

4

நன்றியைப் பற்றி ஒரு சொல். (இந்தப் பகுதி கட்டுரை மாதிரி இருக்கும். விருப்பமில்லாதவர்கள் ஐந்துக்குப் போகலாம். ஆனால் போக வேண்டாம்.)

யாகோப்பு நாளுக்கு நாற்பது தரம் 'டாங்கெ' சொல்கிறவர். பஸ்காரனுக்கு, பாண் கடைக்காரிக்கு, வழிவிட்ட நாய்க்கு. இந்த நாட்டில் அது இருமல் மாதிரி, தானாக வரும். தமிழில் அப்படி இல்லை. நன்றி என்ற சொல்லை எங்கள் ஆட்கள் கையில் ஒலிவாங்கி இருந்தால்தான் சொல்வார்கள், அதுவும் அரை மணி நேரம் பேசி முடித்த பிறகு. தேத்தண்ணி கொண்டுவந்து தந்த மனைவிக்கு நன்றி சொல்லிப் பாருங்கள். காய்ச்சலோ என்று நெற்றியில் கை வைப்பாள்.

எங்களுக்கு நன்றி இல்லை என்பதல்ல. அதை வாயால் சொன்னால் கணக்கு முடிந்துவிடும் என்று ஒரு பயம். சொல்லாமல் வைத்திருந்தால் நாளைக்கும் போய்க் கூரை ஒழுக்கு அடைக்கலாம்.

நான் எழுதிக்கொண்டிருந்த மேசையில் ஒருநாள் யாகோப்பு வந்து இருந்தார். கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, அந்தச் சூப்... ஒருநாளும் நான் அதைப் பற்றி லூட்கெ மனுசியோட கதைச்சதில்லை."

"இப்ப கதையுமன்."

"என்னெண்டு? டாங்கெ எண்டோ? அது பஸ்காரனுக்குச் சொல்லுறது."

"அப்ப என்ன செய்யச் சொல்லுறீர்?"

"இதுக்குள்ள வையுங்கோ. வெளியில தெரியவேண்டாம். வாசிச்சு முடிய மனுசிக்கு விளங்கினாக் காணும்."

வீடு கிடைப்பதை விட அவருக்கு இது பெரிதாக இருந்ததோ என்று அன்றைக்கு எனக்கு ஒரு ஐமிச்சம்

[அந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு உரிமை இல்லை. விட்டுவிடுகிறேன்.]

5

நன்றியை எங்கே ஒளிப்பது? கோழிக்குள் வைக்க முடியாது. இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் முழுக்க என் கையால் ஒரு சம்பவம் கட்டினேன். இது அது:

"வாடிவீட்டில் இரண்டு அறைகள். சட்டப்படி யார் முதலில் வந்தாலும் அறை கொடுக்கலாம். ஆனால் துரை ஒருவர் வந்துவிட்டால் உள்ளே இருக்கிற உள்ளூர்க்காரர் எழும்பி விறாந்தைக்குப் போக வேண்டும் என்பது எழுதாத சட்டம். ஒருநாள் மடு மாதா கோயிலுக்கு வண்டில் கட்டிப் போன ஒரு குடும்பம், கைப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வந்து ஒதுங்கியது. சந்தியாப்பிள்ளை அறையைத் திறந்து கொடுத்தார். பிறகு களஞ்சிய அறைக்குப் போனார். எப்போதோ ஒரு நில அளவையாளர் மறந்துவிட்டுப் போன, யானைக்குப் போடக்கூடிய அளவு பெரிய கறுப்புச் சப்பாத்துச் சோடி ஒன்று அங்கே கிடந்தது. அதைத் துடைத்து மினுக்கி அந்த அறைக் கதவுக்கு வெளியே வைத்தார். பொழுதுபட வந்திறங்கிய என்ஜினியர் துரை சப்பாத்தைப் பார்த்தார். உள்ளே ஒரு பெரிய வெள்ளைக்காரர் படுத்திருக்கிறார் என்று விளங்கிக்கொண்டு, தன் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, பூனைநடை நடந்து மற்ற அறைக்குப் போனார். மரியாதைக்கு அடுத்த அறைக்கு ஒரு கிளாஸ் பிராண்டியும் அனுப்பினார். அதைத் திருப்பி அனுப்புவது முறையல்ல என்பதால் சந்தியாப்பிள்ளையே"

யாகோப்பு இதை வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"இதை ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் இல்லை. கட்டினது."

"நான் சொல்லேல்லையே?"

"இல்லை."

"அப்பா செய்தவர், அண்ணை." அவருடைய முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. "சப்பாத்து வைச்சவர். ஆனா மண்ணிறச் சப்பாத்து. நீங்கள் கறுப்பெண்டு எழுதியிருக்கிறியள்."

இரண்டில் ஒன்று. என் பொய் போய் ஓர் உண்மையில் முட்டியிருக்க வேண்டும். அல்லது என்னோடு பழகிப் பழகி யாகோப்பு என்னை விஞ்சிவிட்டார். இன்றுவரை எனக்குத் தெரியாது. மண்ணிறம் என்று திருத்தினேன்.

"பிராண்டியை வெட்டுங்கோ. அப்பா குடிக்கிறேல்லை."

வெட்டினேன். (வெட்டியது என் வாழ்க்கையின் மிக நல்ல வாக்கியங்களில் ஒன்று. அதனால்தான் மேலே பாதியை விட்டு வைத்திருக்கிறேன்.)

"இன்னொரு வசனம் நான் சொல்லுறன், அப்பிடியே எழுதுங்கோ. அப்பா நேர்மையான மனுசன் எண்டு மனுசிக்குத் தெரியவேணும்."

அவர் சொன்னார், எழுதினேன். அது என்ன வசனம் என்பதை ஞாயிற்றுக்கிழமை கேட்பீர்கள்.

6

மொழிபெயர்த்தவள் சாருலதா. கோயம்புத்தூர்ப் பிள்ளை. டுசல்டோர்ஃபில் கம்ப்யூட்டர் வேலை, ஜேர்மன் பரீட்சை எல்லாம் எழுதித் தள்ளியவள். கோயில் திருவிழாவுக்கு அந்த வருடம்தான் முதன்முறை வந்து ஆறாம் இலக்க அறையில் தங்கியிருந்தாள். யாகோப்பு எதற்கெடுத்தாலும் "ஓம், ஓம்" என்பதைப் பார்த்து, ஒரு கத்தோலிக்கர் இவ்வளவு தியானம் செய்கிறாரே என்று முதல் நாள் வியந்தவள். இரண்டாம் நாள்தான் அது 'ஆமா' என்று பிடிபட்டது.

யாகோப்பு கேட்டவுடன் சந்தோசமாக ஒப்புக்கொண்டாள். "உங்க தமிழ் செம்ம அழகா இருக்கு அங்கிள். பழைய தமிழ் மாதிரி. ஈஸியா பண்ணிடலாம்."

சனிக்கிழமை காலை அவள் தாள்களோடு சாப்பாட்டறைக்கு வந்தாள். யாகோப்பு மூலையில் தூசி உறிஞ்சும் மெசினை ஓட்டிக்கொண்டிருந்தார். விமானம் ஏறுகிற சத்தம்.

"அங்கிள், ஒரு சின்ன டவுட். வாடிவீடுன்னா, வாடிப்போன வீடு. கரெக்டா?"

"ஓம் பிள்ளை, வாடிவீடு. ஓம்."

"அப்புறம் இந்த 'ஆறுதலாக'. நிறைய வருது. அது ஆறுதல்தானே?"

"என்ன பிள்ளை?"

"ஆறுதல், ஆறுதல்!"

"ஓமோம், ஆறுதலாச் செய்யுங்கோ. ஒரு அவசரமும் இல்லை."

எங்களூரில் ஆறுதலாக என்றால் அவசரப்படாமல், மெதுவாக. அவளுக்கோ அது துக்கப்பட்டவரைத் தேற்றுவது. இந்தப் பெரிய மனிதர் தன் கதையை ஆறுதல் தரும்படி மொழிபெயர்க்கச் சொல்கிறார் என்று விளங்கிக்கொண்டு, கண் கலங்கி, மேலே போய்விட்டாள். இதெல்லாம் நடந்தபோது நான் அதே அறையில் அவித்த முட்டை உரித்துக்கொண்டிருந்தேன். பிழையாக ஒன்றும் என் காதில் படவில்லை. தமிழர் இரண்டு பேர் தமிழில் பேசினார்கள், அவ்வளவுதான்.

7

ஞாயிற்றுக்கிழமை தேர். விடுதிச் சனம் முழுக்கக் கோயிலுக்குப் போய்விட்டது. சாப்பாட்டறையில் ஐந்து பேர்: சன்னலடியில் ஃபிராவ் லூட்கெ, எதிரே யாகோப்பு, பக்கத்தில் அன்ரனிற்றா, நடுவில் தாள்களோடு சாருலதா, கதவருகில் நான். என் ஜேர்மன் மருந்துக்கடைக்கு மட்டும் போதுமானது. ஆகவே இனி யாகோப்பின் தலைக்குள் போய் இருந்துகொள்கிறேன். கதை எழுதுகிறவன் அதற்கு அனுமதி கேட்கிற வழக்கமில்லை.

சாருலதா பள்ளிக்கூடத்தில் வாசிப்பது போல உரத்து, அறுத்து உறுத்து வாசித்தாள்.

முதல் வரியிலேயே யாகோப்புக்கு ஒரு சொல் தட்டியது. 'ஃபெர்வெல்க்ட்.' அவருக்குத் தெரிந்த சொல். மேசைப் பூச்சாடிகளில் இருக்கும் பூக்களை மாற்றும் நாளில் ஃபிராவ் லூட்கெ அதைச் சொல்வார். வாடிப்போனது, குப்பையில் போடு. இங்கே என்ன வாடியது? பூ எங்கே வந்தது? பிறகு அவருக்கு விளங்கியது. மன்னார் வீதியில் ஒரு வாடிப்போன வீடு நின்றது என்று பிள்ளை வாசிக்கிறாள். என் தகப்பன் அந்த வாடிப்போன வீட்டின் காவலர் என்கிறாள்.

அவர் ஃபிராவ் லூட்கெவைப் பார்த்தார். கோப்பியை நோக்கிப் போன கை நடுவில் நின்றிருந்தது. அந்தத் தலைக்கு மேலே சுவர்க்கடதாசி உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. இதை ஒட்ட வேண்டும் ஒட்ட வேண்டும் என்று வைகாசியிலிருந்து நினைக்கிறார். இன்றைக்குப் பார்த்து, ஒரு வாடிய வீட்டுக் கதையை அதன் கீழே இருத்தி வைத்து வாசிக்கிறோம். மனுசி என்ன நினைக்கும்? என் வீட்டைத்தான் சொல்கிறான் என்று நினைக்கும்.

அவர் பாதி எழும்பினார். அன்ரனிற்றா சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"இருங்கோ."

"பிள்ளை பிழையா வாசிக்குது."

"பிழையோ சரியோ, இருங்கோப்பா. மனுசின்ர முகத்தைப் பாருங்கோ."

சாருலதா தொடர்ந்தாள். வாடிய வீட்டுக்கு வந்தவர்களைச் சந்தியாப்பிள்ளை ஆறுதலோடு உள்ளே அழைத்தார். அவர்கள் ஆறுதலோடு உண்டார்கள், ஆறுதலோடு உறங்கினார்கள், காலையில் ஆறுதலோடு எழுந்தார்கள்.

நான் எழுதியது சோம்பேறிகளைப் பற்றி. அவள் வாசித்தது புனிதர்களைப் பற்றி.

கோழிகள் முருங்கையில் ஏறியபோது ஃபிராவ் லூட்கெ சிரித்தார். சப்பாத்து வந்தபோது சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். யாகோப்பை நேராகப் பார்த்தார். யாகோப்பு பார்வையை உப்புக் குப்பிக்கு மாற்றிக்கொண்டார். ஒளித்து வைத்ததை மனுசி கண்டுபிடித்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது.

பிறகு அந்த வசனம் வந்தது. யாகோப்பு தானே சொல்லி எழுதுவித்தது. அந்தத் தாள்களிலேயே ஒரு பிழையும் இல்லாமல் மொழிபெயர்க்கப்பட்ட ஒரே வசனம்:

"விறாந்தைச் சுவரில் அரசாங்கத்தின் விதிகள் எழுதிய பலகை இருந்தது. எவரும் மூன்று இரவுகளுக்கு மேல் தங்கக்கூடாது என்பது அதில் ஒன்று. சந்தியாப்பிள்ளை அந்த விதியை ஒருநாளும் மீறவில்லை."

வாசிப்பு முடிந்தது. தூரத்தில் தேருக்கு மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாடிய வீடு," என்றார் ஃபிராவ் லூட்கெ. "என் மருமகன் 'புதுப்பிக்க வேண்டியது' என்கிறான். கம்பனிக்காரர் 'வாய்ப்புள்ள இடம்' என்கிறார். இப்போதுதான் ஒருவர் சரியான சொல்லைச் சொல்லியிருக்கிறார்."

யாகோப்பு உப்புக் குப்பியை எடுத்தார். திரும்ப வைத்தார்.

"உங்கள் அப்பா வந்தவர்களுக்கு ஆறுதல் கொடுத்திருக்கிறார், ஹெர் யாக்கோப். நான் காலைச் சாப்பாடு மட்டும்தான் கொடுத்தேன்."

இல்லை, என்று சொல்ல நினைத்தார் யாகோப்பு. சூப் கொடுத்தீர்கள். நனைந்து வந்தவனை ஆர் எவர் என்று கேட்காமல் இருத்தினீர்கள். ஏலாது என்ற ஒவ்வொரு கதவையும் போய்த் தட்டினீர்கள். இதையெல்லாம் ஜேர்மனில் சொல்ல அவருக்குச் சொற்கள் இருந்தன. வரிசையாக வந்து நின்றன. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் மனுசியின் கோப்பைக்குக் கோப்பி ஊற்றினார்.

"ஒன்று கேட்கிறேன்," என்றார் ஃபிராவ் லூட்கெ. "மூன்று இரவுகள் முடிந்த பிறகு, போக இடமில்லாதவர்களை உங்கள் அப்பா என்ன செய்தார்?"

கேட்டபோது அவர் யாகோப்பைப் பார்க்கவில்லை. குசினிக்குப் பக்கத்தில், மாடிப்படி ஏறாமல் போகக்கூடிய அந்தச் சின்ன அறையின் கதவைப் பார்த்தார். இப்போது அதில் இஸ்திரி மேசையும் உருளைக்கிழங்கும் இருக்கின்றன. சன்னல் கால்வாய்ப் பக்கம்.

அறையில் எல்லாருக்கும் விளங்கியது. எனக்குக்கூட விளங்கியது, மொழி தெரியாமலே. வீட்டை யாருக்குக் கொடுப்பது என்று மனுசி இவ்வளவு நாளும் யோசிக்கவில்லை. கொடுத்த பிறகு தான் எங்கே இருப்பது என்றுதான் யோசித்திருக்கிறார். கம்பனியிடம் கேட்டால் சிரிப்பார்கள். யாகோப்பிடம் கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டார், அதனாலேயே கேட்க முடியாது. ஆகவே அவருடைய தகப்பனிடம் கேட்கிறார்.

8

யாகோப்புக்கு உண்மை தெரியும். நாலாம் நாள் காலையில் சந்தியாப்பிள்ளை அவர்களுடைய பெட்டியைத் தன் தலையில் வைத்துக் கொண்டுபோய் வீதியில் இறக்கிவிடுவார். பஸ் வரும் வரைக்கும் கூட நிற்பார். ஆனால் இறக்கிவிடுவார். யாகோப்பு சின்ன வயதில் தன் கண்ணால் கண்டது அது.

நான் மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் யாகோப்பு உண்மையைச் சொல்கிறார். ஃபிராவ் லூட்கெ தலையாட்டி, "ஒழுங்கான மனிதர்" என்கிறார். வீட்டை யாகோப்புக்கே எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த கிழமை முதியோர் இல்லத்துக்குப் போகிறார். யாகோப்புக்கு வீடு கிடைக்கிறது. அதில் அவருக்கு நித்திரை வராது. வெட்டினேன்.

இரண்டாவது என் கைவரிசை. "அப்பாவுக்கு மூன்றுக்கு மேல் எண்ணத் தெரியாது, ஒவ்வொரு நாலாம் நாளும் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்குவார்" என்கிறார் யாகோப்பு. எனக்கு மிகவும் பிடித்த முடிவு. ஆனால் இந்த மனிதர் தன் தகப்பன் பேரில் அப்படிச் சொல்லக்கூடியவரா என்பது சந்தேகம். மனுசியும் அந்த முகத்தை நாற்பது வருடம் பார்த்தவர். பிடித்துவிடுவார். வெட்டினேன்.

மூன்றாவது உங்களுக்கு இப்போது தோன்றியிருக்கும். "அது அப்பான்ர வீடு, இது வேற. நீங்கள் இருங்கோ." நல்ல முடிவு. அன்ரனிற்றாவும் அதைத்தான் கண்ணால் காட்டிக்கொண்டிருந்தார். ஆனால் தன் சொந்த வீட்டில், தான் வேலைக்கு வைத்த ஆள், பாவம் பார்த்து ஒரு அறை தருகிறார் என்று ஃபிராவ் லூட்கெவின் காதில் அது எப்படி விழும்? அவர் எழும்பி அந்த நிமிடமே முதியோர் இல்லத்துக்குத் தொலைபேசி எடுக்கக்கூடிய பெண். வெட்டவும் மனமில்லை, வைக்கவும் முடியவில்லை. பென்சிலால் ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறேன்.

உண்மையில் யாகோப்பு ஒன்று சொன்னார். நான் அங்கேதான் இருந்தேன், என் காதால் கேட்டேன். என் மருந்துக்கடை ஜேர்மனுக்கும் எட்டிய சின்ன வசனம். அதைக் கேட்டுச் சாருலதா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் அதை நான் இங்கே எழுதினால், நான் கட்டியது என்றுதான் சொல்வீர்கள். அவர் சொன்ன ஒன்று என் பெயரில் போய்ச் சேருவதில் எனக்கு விருப்பமில்லை.

ஆகவே தயவுசெய்து எழும்பி வாருங்கள். யாகோப்பு ஒதுங்கி இடம் விட்டிருக்கிறார். அவருடைய கதிரையில் இருங்கள். எதிரே எண்பத்தெட்டு வயது மனுசி, இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். தமிழிலோ ஜேர்மனிலோ, உங்களுக்கு எப்படி வருகிறதோ அப்படிச் சொல்லலாம்.

ஒன்று மட்டும். அவருக்கு இடது காது மந்தம். உரத்துச் சொல்லுங்கள்.